கல்லீரல் நீர்க்கட்டியில் எக்கோவும் ஒரு செப்டமும்: அல்ட்ராசவுண்டிலேயே வகை பிரிக்க என்னென்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: ஸ்கேன்மேசை

வயிற்று ஸ்கேனில் தற்செயலாகத் தட்டுப்படும் கல்லீரல் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். உள்ளே எக்கோ (அலை திரும்பி வந்து காட்டும் சாம்பல் நிறம்) இல்லை, சுவர் கண்ணுக்கே தெரியவில்லை, பின்பக்கம் வெளிச்சம். சிம்பிள் சிஸ்ட் என்று எழுதிவிடலாம். இந்த மூன்றில் ஒன்று இடிக்கும்போதுதான் கை நிற்கிறது.

இப்போது முன்னால் இருப்பது இப்படி ஒன்று. 46 வயதுப் பெண். மேல்வயிற்றில் கொஞ்ச நாளாகப் பாரம். காய்ச்சல் இல்லை, மஞ்சள் காமாலை இல்லை. கல்லீரலின் 4ஆம் செக்மென்டில் (பிரிவில்) 68 × 61 × 55 மிமீ அளவில் ஒரு கட்டி. முன்சுவரை ஒட்டி மங்கலாக எக்கோ. அடிப்பக்கம் மெல்லிய படிவு மாதிரி ஏதோ இருக்கிறது. நடுவில் குறுக்காக ஒரு கோடு. செப்டம் (உள்தடுப்பு) என்றுதான் தோன்றுகிறது. கலர் டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் முறை) எதுவும் ஏறவில்லை. வலது மடலில் சின்னதாக இரண்டு சாதாரண நீர்க்கட்டிகள்.

என் சந்தேகங்கள்: உள்ளே தெரிவது உண்மையா, ஆர்ட்டிஃபேக்ட்டா (மெஷின் உண்டாக்கும் பொய்ப் படமா)? ஹைடாடிட் (நாடாப்புழு ஒட்டுண்ணியால் வரும் கட்டி) இல்லை என்று எதை வைத்துச் சொல்வது? ரத்தம் கசிந்த சாதாரண சிஸ்ட்டையும் மியூசினஸ் சிஸ்டிக் நியோபிளாசத்தையும் (சளித்திரவம் சுரக்கும், புற்றாக மாறக்கூடிய கட்டி) எப்படிப் பிரிப்பது? "எம்ஆர்ஐ எடுக்கவும்" என்று எழுதித் தள்ளிவிடலாம்தான். அதற்கு முன்னால் புரோப் (உடலில் வைத்து ஸ்கேன் செய்யும் முனை) கையில் இருக்கும்போதே என்னவெல்லாம் பார்த்து முடிக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


பதில்: ஹார்மோனிக்

செப்டத்தை விடுங்கள், முதலில் எக்கோவுக்கு வாருங்கள். அது கட்டிக்குள் இருக்கிறதா, மெஷின் உண்டாக்கியதா என்று தீர்மானிக்காமல் வகை பிரிக்க உட்கார்ந்தால் எல்லா சிஸ்ட்டும் சிக்கலான சிஸ்ட்டாகத்தான் தெரியும்.

முன்சுவரை ஒட்டிய மங்கல் பெரும்பாலும் ரிவர்பரேஷன். வயிற்றுச் சுவரின் தசை, கொழுப்பு அடுக்குகளுக்கும் புரோபுக்கும் நடுவே அலை முன்னும் பின்னும் மோதித் திரும்புவது, கறுப்பான இடத்தில்தான் பளிச்சென்று தெரியும். திசு ஹார்மோனிக்கை ஆன் செய்யுங்கள். ஹார்மோனிக் அலை உடலுக்குள் போகப் போகத்தான் உருவாகிறது. அதனால் மேலடுக்குகளில் வரும் குப்பை அதில் குறைவு, பக்கவாட்டுக் கதிர்களின் தொல்லையும் குறைவு. பிறகு புரோபை விலா எலும்பு இடைவெளிக்கு மாற்றி வேறு கோணத்தில் பாருங்கள். மங்கல் புரோபோடு சேர்ந்து இடம் மாறினால் அது கட்டியுடையது அல்ல.

அடிப்பக்கப் படிவுக்கு வேறு காரணம் உண்டு. அலைக்கற்றைக்குத் தடிமன் இருக்கிறது. வளைந்த பின்சுவரில் ஒரு பகுதி அந்தத் தடிமனுக்குள் விழுந்தால், திரவத்துக்குள் படிவு இருப்பதுபோல் பொய்யாக நிரப்பும். இதைப் பிரிக்கும் சோதனை எளிது: இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். உண்மையான படிவு தரையைப் பார்த்துப் படுக்கும். பொய்ப் படிவு புரோபைப் பார்த்து நிற்கும். காத்திருப்பது முக்கியம். கெட்டியான திரவத்தில் படிவு மெதுவாகத்தான் நகரும். பத்து விநாடி பார்த்துவிட்டு "நகரவில்லை" என்று எழுதினால் அது தவறான தகவல்.

கெயினை (திரும்பும் அலையைப் பெருக்கும் அளவை) எப்படி வைப்பது என்பதற்கு ஒரு வழி: ஏறக்குறைய அதே ஆழத்தில் பித்தப்பையோ கீழ்ப்பெருஞ்சிரையோ இருக்கும். அதன் உட்பகுதி சுத்தமாகக் கறுக்கும் அளவுக்கு மட்டும் கெயினைக் குறைத்துக்கொண்டு, அதே அமைப்பில் கட்டியைப் பாருங்கள். பித்தப்பை கறுப்பு, கட்டி சாம்பல் என்றால் உள்ளே உண்மையிலேயே ஏதோ இருக்கிறது. இதைச் செய்யாமல் கெயினை இறக்கிக்கொண்டே போனால் திடக்கட்டிகூட நீர்க்கட்டியாகிவிடும்.

பின்பக்க வெளிச்சத்தைப் பார்க்கும்போது ஸ்பேஷியல் காம்பவுண்டிங்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். பல கோணங்களிலிருந்து வரும் படங்களை அது ஒன்றாக்குவதால் பின்வெளிச்சமும் நிழலும் கலங்கிப் போகும். கூடவே, பின்வெளிச்சம் என்றாலே திரவம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அலை குறைவாகத் தேயும் எந்தப் பொருளுக்குப் பின்னாலும் அது வரும். சீழ்க்கட்டிக்குப் பின்னால் வரும். ஒரே சீரான செல்களால் ஆன லிம்ஃபோமா முடிச்சுக்குப் பின்னாலும் வரும். ஒரு செமீக்குக் குறைந்த, ஆழத்தில் இருக்கும் உண்மையான நீர்க்கட்டிக்கோ வராமலே போகலாம். கற்றையின் அகலம் கட்டியைவிடப் பெரிதாக இருந்தால் பக்கத்துத் திசுவின் எக்கோ உள்ளே கலந்து சாம்பலாகத் தெரியும். ஃபோகஸை அந்த ஆழத்துக்கே கொண்டுவந்து, அலைவரிசையை ஏற்றிப் பார்க்க வேண்டும்.

டாப்ளரில் "எதுவும் ஏறவில்லை" என்றால் என்ன அமைப்பில் ஏறவில்லை என்பதுதான் கேள்வி. வயிற்று முன்னமைப்பில் வேக அளவு போர்ட்டல் சிரைக்கும் தமனிக்கும் ஏற்றபடிதான் இருக்கும். செப்டத்துக்குள் ஓடும் நுண்குழாயின் ஓட்டம் அதில் தெரியாது. வேக அளவை 5 செமீ/விநாடி அளவுக்கு இறக்குங்கள். வால் ஃபில்டர் (மெதுவான அசைவை வடிகட்டும் அமைப்பு) குறைந்தபட்சம். கலர்ப் பெட்டி செப்டத்தை மட்டும் மூடும் அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். கலர் கெயினைப் புள்ளிப்புள்ளியாகச் சத்தம் வரும்வரை ஏற்றி, அது அடங்கும் இடத்துக்கு ஒரு படி இறக்குங்கள். மூச்சை நிறுத்தச் சொல்லுங்கள். 4ஆம் செக்மென்ட், இடது மடல் எல்லாம் இதயத்துக்கு அடுத்த வீடு. துடிப்பினால் கலர் சிதறும். கலர் தெரிந்தால் அதோடு நிற்காமல் ஸ்பெக்ட்ரல் வைத்து அலைவடிவம் எடுங்கள். சுண்ணாம்புப் புள்ளிக்குப் பின்னால் மின்னும் ட்விங்க்ளிங்கும் கலராகத்தான் தெரியும், ஆனால் ஸ்பெக்ட்ரலில் அது வெறும் செங்குத்துப் பட்டைகளாக வரும், துடிப்பு இருக்காது.

கடைசியாக, 2–5 மெகாஹெர்ட்ஸ் கான்வெக்ஸ் புரோபில் மட்டும் பார்த்துவிட்டு முடிக்காதீர்கள். கட்டியின் முன்சுவர் தோலுக்கு அருகில் இருந்தால் 7–12 மெகாஹெர்ட்ஸ் லீனியரை எடுத்துச் சுவரைப் பாருங்கள். அடுத்து ஹைடாடிட் பற்றி எழுதுபவருக்கு அந்தப் படம்தான் வேண்டியிருக்கும்.


பதில்: ஒட்டுண்ணிப்பக்கம்

ஹைடாடிட் பற்றிச் சொல்கிறேன். இதில் மட்டும் அவசரப்பட்டால் விலை அதிகம். ஊசி போட்டால் உள்ளிருக்கும் திரவம் வயிற்றறைக்குள் கசிந்து அனஃபைலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை) வரலாம். தலைப்புழுக்கள் சிதறி வேறு இடத்தில் புதுக் கட்டிகளும் கிளம்பலாம். அதனால் வகை தெரியாத கட்டிக்கு ஊசி என்ற பேச்சே ஹைடாடிட் விலக்கப்பட்ட பிறகுதான்.

1981இல் கார்பி வகுத்த ஐந்து வகைப் பிரிப்பு இன்னும் பல அறிக்கைகளில் ஓடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு வகுத்ததுதான் இப்போது சிகிச்சையோடு பொருந்துவது. அதில் எழுதினால் மருத்துவருக்கு அடுத்த வேலை தானாகத் தெரியும்.

அதன் வகைகள் சிஎல், பிறகு சிஇ1 முதல் சிஇ5 வரை. சிஎல் என்பது சுவர் அடையாளம் ஏதுமில்லாத வெறும் ஒற்றை நீர்க்கட்டி. ஒட்டுண்ணிக் கட்டிதான் என்று படத்தை வைத்து இதில் சொல்ல முடியாது. சிஇ1-இல் இரட்டைக் கோடு தெரியும்: வெளியே உடல் கட்டிய நார்ச்சுவர், உள்ளே ஒட்டுண்ணியின் அடுக்குச் சவ்வு, நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு. அலை சுவரில் செங்குத்தாக விழும் இடத்தில் மட்டுமே இது தெரியும். எனவே முன்சுவரையும் பின்சுவரையும் பாருங்கள். பக்கச் சுவரில் தேடிப் பயனில்லை. சாதாரண சிஸ்ட்டிலும் அந்த இடங்களில் பளிச்சென்று ஒரு கோடு வரும், ஆனால் ஒற்றைக் கோடுதான். சிஇ1-இல் ஹைடாடிட் மணலும் இருக்கலாம். ஆளைச் சட்டென்று புரட்டினால் நுண்ணிய பொட்டுகள் மேலெழுந்து மெல்ல விழும். படுக்கவைத்து நெடுநேரம் ஆன பிறகு பார்த்தால் அடியில் படிந்து போயிருக்கும், தெரியாது. புரட்டும் முன்பே புரோபை வைத்துக்கொண்டு பாருங்கள்.

சிஇ2 முழுக்க மகள் கட்டிகள் (தாய்க் கட்டிக்குள் உருவாகும் சின்னக் கட்டிகள்). தேன்கூடு போலவோ சக்கரத்தின் ஆரங்கள் போலவோ தெரியும். இங்கே செப்டம் என்று நாம் நினைப்பது உண்மையில் அடுத்தடுத்த இரண்டு மகள் கட்டிகளின் சுவர்கள் ஒட்டி நிற்பது. எனவே கோட்டைத் தொடர்ந்து போனால் வட்டமாக மூடும். மியூசினஸ் நியோபிளாசத்தின் செப்டம் அப்படி மூடாது. ஒரு சுவரில் கிளம்பி இன்னொரு சுவருக்குப் போகும். புரோபை விசிறிபோல் ஆட்டி, கோட்டின் இரண்டு முனையும் எங்கே போய்ச் சேருகின்றன என்று பார்ப்பதுதான் இதில் பாதி வேலை.

சிஇ3ஏ-வில் உள்சவ்வு கழன்று திரவத்தில் அலைந்துகொண்டிருக்கும்; தண்ணீரில் மிதக்கும் அல்லி என்று பாடங்களில் வருவது இதுதான். மூச்சு விடும்போது சவ்வு அசையும். உங்கள் கேஸில் அந்தக் கோடு இரு பக்கமும் சுவரில் பற்றி நேராக நிற்கிறதா, நெளிந்து நெளிந்து ஆடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு வீடியோ துண்டாகச் சேமித்து வைப்பது நல்லது, நிலைப்படத்தில் இது தெரியாது. சிஇ3பி திடமான நிரப்புக்குள் மகள் கட்டிகள் இருக்கும் நிலை. சிஇ4-இல் மகள் கட்டி இல்லை. சிதைந்த சவ்வுகள் சுருண்டு நூல்கண்டு போல் கிடக்கும். திடக்கட்டி என்று ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். சிஇ5-இல் சுவர் வில்லாகச் சுண்ணாம்பு படிந்து, பின்னால் கூம்பு நிழல் விழும்.

சுண்ணாம்பு தெரிந்தவுடன் "செத்துப்போன கட்டி" என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. அது சரியல்ல. சுவரில் சுண்ணாம்பு எந்த நிலையிலும் இருக்கலாம். உயிர்ப்பைச் சொல்வது உள்ளடக்கம். உள்ளே மகள் கட்டி இருந்தால், சுவர் எவ்வளவு சுண்ணாம்பாக இருந்தாலும் அது சிஇ2 அல்லது சிஇ3பி.

இவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது எதற்கென்றால், 5 செமீக்குக் குறைந்த சிஇ1, சிஇ3ஏ கட்டிகளுக்கு அல்பெண்டசோல் (புழுக்கொல்லி மருந்து) மட்டுமே போதுமானதாக இருக்கலாம்: நாளுக்குக் கிலோவுக்கு 10–15 மிகி, இரண்டு வேளையாக, கொழுப்புள்ள உணவோடு. கொழுப்பு இல்லாவிட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. அதே வகை 5 செமீக்கு மேல் போனால் ஊசியால் உறிஞ்சி, புழுக்கொல்லித் திரவம் செலுத்தி, மீண்டும் உறிஞ்சும் முறை வருகிறது. அதற்கும் அல்பெண்டசோல் முன்பே தொடங்கி, பிறகு குறைந்தது 1 மாதம் தொடர வேண்டும். கட்டிக்கும் பித்தநாளத்துக்கும் தொடர்பு இருந்தால் அந்த முறை கூடாது. செலுத்தும் ஆல்கஹாலோ அடர் உப்புநீரோ பித்தநாளங்களை எரித்து நிரந்தரமாகச் சுருக்கிவிடும். உறிஞ்சிய திரவத்தில் பிலிருபின் இருக்கிறதா என்று அங்கேயே சோதிப்பது இதனால்தான். சிஇ2, சிஇ3பி மருந்துக்கும் ஊசிக்கும் சரியாக மசியாது, பெரும்பாலும் அறுவைதான். சிக்கல் இல்லாத சிஇ4, சிஇ5-ஐத் தொடாமல் ஸ்கேனில் கண்காணிக்கலாம். ஆனால் மருந்தினால் சிஇ4-க்கு வந்த கட்டி மறுபடி சிஇ3பி ஆகலாம் என்பதால் சில ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை பாசிட்டிவ் என்றால் உதவும். நெகட்டிவ் என்றால் விலக்க உதவாது. சவ்வு முழுதாக இருக்கும் சிஇ1-இலும், அடங்கிப்போன சிஇ4, சிஇ5-இலும் நெகட்டிவாக வருவது சகஜம். ஹைடாடிட் என்று சந்தேகம் வலுத்தால் மண்ணீரலையும் பார்த்துவிட்டு, நெஞ்சு எக்ஸ்ரேயும் கேளுங்கள்.


ஸ்கேன்மேசை

இரண்டு பதிலுக்கும் நன்றி. நாளை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன், ஹார்மோனிக் சொன்ன வரிசைப்படியே பார்க்கிறேன். இடையில் ஒரு கேள்வி. ஹைடாடிட் இல்லை என்று ஓரளவு உறுதியானால், மெல்லிய ஊசியில் கொஞ்சம் திரவம் எடுத்துச் செல் சோதனையும் சிஏ 19-9 என்ற புற்று மார்க்கரும் பார்த்தால் நியோபிளாசமா இல்லையா என்று முடிந்துவிடாதா?


பதில்: பித்தநாளம்

முடியாது, அதற்காக ஊசி போடவும் வேண்டாம். சாதாரண சிஸ்ட்டின் உள்வரியே பித்தநாள எபிதீலியம்தான். அது சிஏ 19-9-ஐச் சுரக்கும். அதனால் சாதாரண சிஸ்ட்டின் திரவத்திலும் அளவு எக்கச்சக்கமாக வரும், நியோபிளாசத்திலும் வரும். ரத்தத்தில் பார்த்தாலும் கதை அதேதான். செல் சோதனையில் போதுமான செல் கிடைப்பதே அரிது. கிடைக்காமல் "நெகட்டிவ்" என்று வந்தால் அதை நம்பி விட்டுவிடும் ஆபத்து வேறு. ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கத்தின் 2022 வழிகாட்டியும் இந்த மார்க்கர்களை வைத்துப் பிரிக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

இனி பிரிப்பது. மியூசினஸ் சிஸ்டிக் நியோபிளாசம் (பழைய அறிக்கைகளில் பிலியரி சிஸ்ட் அடினோமா என்று இருக்கும்) கிட்டத்தட்டப் பெண்களுக்கு மட்டுமே வருவது, பெரும்பாலும் நடுவயதில். சுவரில் ஓவரியின் (சினைப்பை) திசுவை ஒத்த ஸ்ட்ரோமா (தாங்குதிசு) இருக்க வேண்டும் என்பது 2010 முதல் இதன் வரையறை. இடது மடலும் 4ஆம் செக்மென்டும் இதற்குப் பிடித்த இடம். உங்கள் நோயாளியின் வயது, பால், இடம் மூன்றுமே பொருந்துகின்றன என்பதால் சந்தேகப்பட்டது சரியே. அதை வைத்து மட்டும் பெயர் சூட்டக் கூடாது; அதே வயதுப் பெண்களிடம் சாதாரண சிஸ்ட்டும் மிக அதிகம்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது செப்டம் கிளம்பும் இடத்தில் கட்டியின் வெளிவிளிம்பை. அந்த இடத்தில் வெளிச்சுவர் உள்நோக்கி மடிந்து பள்ளம் விழுந்திருந்தால், அது பெரும்பாலும் அடுத்தடுத்து வளர்ந்த இரண்டு சாதாரண சிஸ்ட்டுகள் ஒட்டிய சுவர், அல்லது ஒரே சிஸ்ட்டின் மடிப்பு. வெளிவிளிம்பு வழுவழுப்பாக வளைந்துகொண்டே போக, அதிலிருந்து செப்டம் நேராக உள்ளே கிளம்பினால் நியோபிளாசத்தின் பக்கம் சாய வேண்டும். இதற்குச் செலவில்லை, கான்ட்ராஸ்ட் வேண்டாம், சுற்றிச் சுற்றிப் பார்க்கும் பொறுமை மட்டும் போதும். ஆனால் அறிக்கைகளில் "செப்டம் உள்ளது" என்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

ரத்தம் கசிந்த சிஸ்ட் பார்க்கப் பயமாக இருக்கும். மிதக்கும் எக்கோ, வலைபோல் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உண்டாகும் நார்) இழைகள், சுவரில் ஒட்டிய உறைகட்டி எல்லாம் சேர்ந்து செப்டமும் முடிச்சும் உள்ள புற்றாகவே தெரியும். திடீரென்று வலி வந்த வரலாறு இருக்கிறதா என்று கேளுங்கள். இழைகளைத் தொடர்ந்து பாருங்கள்; பாதி வழியில் அறுந்து, அசைந்துகொண்டிருக்கும், தடிமன் ஒரே சீராக இருக்காது. உறைகட்டியின் ஓரம் உள்வளைந்து சுருங்கியிருக்கும், ஆளைத் திருப்பினால் சில நேரம் நகரும், உள்ளே ரத்த ஓட்டம் இருக்காது. சில வாரம் கழித்துப் பார்த்தால் உருவமே மாறியிருக்கும். நியோபிளாசம் சில வாரத்தில் அப்படி மாறாது. கசிவு நடந்துகொண்டிருக்கும்போது உறிஞ்சுவதும் வேண்டாம், பொறுத்திருந்து வலிக்கு மட்டும் மருந்து போதும். சிடி இங்கே அவ்வளவாக உதவாது. எம்ஆர்ஐயில் டி1, டி2 இரண்டிலும் வெளிச்சமாக வருவது பழைய ரத்தத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வசதி இருந்தால் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் இந்தக் கேள்விக்கென்றே அமைந்தது. சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு நுண்குமிழிகள் ரத்தக்குழாயை விட்டு வெளியே போகாதவை. எனவே செப்டத்தில் குமிழி ஏறினால் அங்கே உயிருள்ள திசு இருக்கிறது. ஏறாவிட்டால் உறைந்த ரத்தம் அல்லது ஃபைப்ரின். மெஷினைப் பொறுத்து 1 முதல் 2.4 மிலி, பின்னாலேயே 5 மிலி சலைன். மெக்கானிக்கல் இண்டெக்ஸ் (அலையின் அழுத்த அளவு) 0.1-க்கு மேல் போகாமல் வையுங்கள், போனால் குமிழிகள் உடைந்து "ஏறவில்லை" என்று பொய் சொல்லும். தமனிக் கட்டம் 10–20 விநாடியில் தொடங்கி 45-க்குள் முடிந்துவிடும். செப்டத்தின் ஏற்றம் அப்போதுதான் நன்றாகத் தெரியும். எனவே ஊசி போடுவதற்கு முன்பே செப்டத்தைத் திரையின் நடுவில் பிடித்து நிறுத்தி, பதிவை ஓடவிட்டுவிடுங்கள். சீழ்க்கட்டியிலும் சுவரும் செப்டமும் பளிச்சென்று ஏறும். அங்கே காய்ச்சலும் சுற்றுக் கல்லீரலில் கூடும் ரத்த ஓட்டமும் பிரித்துக் காட்டும்.

இடது பித்தநாளங்களைப் பார்த்தீர்களா? கட்டிக்கு மேல்பக்கம் (பித்தம் வரும் பக்கம்) நாளம் விரிந்திருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை.


பதில்: சின்னக்கட்டி

கேள்வியில் இல்லாவிட்டாலும் இந்த வகையில் அடிக்கடி வழுக்கும் சில இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பல கட்டிகள் தெரிந்தால் உடனே சிறுநீரகத்துக்குப் போங்கள். 10-க்கு மேல் நீர்க்கட்டி இருந்தால் பாலிசிஸ்டிக் கல்லீரல் என்று யோசிக்க வேண்டும். சிறுநீரகத்திலும் இருந்தால் பரம்பரைச் சிறுநீரக நோயின் பகுதி அது, குடும்பத்தையும் பார்க்க வேண்டிவரும்.

எல்லாமே 10 மிமீக்கும் குறைவாக, ஒழுங்கற்ற வடிவில், கல்லீரல் முழுக்கத் தூவியது போல் இருந்து, பின்னால் வால்மீன் வால் தெரிந்தால் பித்தநாள ஹமார்ட்டோமா. வான் மேயன்பர்க் காம்ப்ளெக்ஸ் என்பதும் இதுவே. புற்றுநோய் உள்ளவரிடம் இதைப் பரவல் என்று எழுதிவிடுவது பெரிய கொடுமை. காம்பவுண்டிங் ஆனில் இருந்தால் அந்த வால் காணாமல் போகும், அணைத்துவிட்டுப் பாருங்கள்.

கரோலி நோயில் (பிறவியிலேயே பித்தநாளங்கள் விரிந்திருப்பது) "கட்டிகள்" ஒன்றோடொன்றும் பித்தநாளத்தோடும் இணைந்திருக்கும். நடுவில் ஒரு பொட்டு இருக்கும். அந்தப் பொட்டு, விரிந்த நாளம் சூழ்ந்துகொண்ட போர்ட்டல் கிளை. டாப்ளர் போட்டால் அதில் ஓட்டம் தெரியும். சிர்ரோசிஸ் உள்ளவருக்குக் கல்லீரல் வாயிலருகே போர்ட்டல் சிரையின் இரு பக்கமும் மணிமணியாகத் தெரிந்தால் பெரிபிலியரி சிஸ்ட். விரிந்த நாளம் என்றால் பெரும்பாலும் சிரையின் ஒரு பக்கம் மட்டுமே தொடர்ச்சியான குழாயாக ஓடும்.

4ஆம் செக்மென்டில், கல்லீரல் உறைக்கு ஒட்டினாற்போல், 3 செமீக்கும் குறைவாக, முழுக்கக் கறுக்காமல் லேசான சாம்பலாக ஒரே அறையில் இருந்தால் சிலியேட்டட் ஃபோர்கட் சிஸ்ட்டை மறக்க வேண்டாம். உள்ளே சளிபோன்ற திரவம் என்பதால் திடக்கட்டி போலவே ஏமாற்றும்.

ஓவரி, நியூரோஎண்டோகிரைன், குடல்சுவரின் ஜிஸ்ட் கட்டிகளின் பரவல் நீர்க்கட்டி வேடத்தில் வரும், சிகிச்சைக்குப் பிறகு இன்னும் அதிகமாக. சுவர் தடித்து, உள்விளிம்பு கரடுமுரடாக இருக்கும்.

எந்த "சிஸ்ட்" ஆனாலும் அளவெடுக்கும் முன் கலரை ஒருமுறை போட்டுவிடுங்கள். போர்ட்டல் சிரை வீக்கமும் தமனியின் போலி அனியூரிசமும் கறுப்பு வட்டமாகவே தெரியும். அதற்கு யாராவது ஊசி போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.


ஸ்கேன்மேசை

மறுபடி பார்த்தாயிற்று. 6 மணி நேரம் வெறும் வயிறு. முன்சுவர் மங்கல் ஹார்மோனிக் போட்டதும் போய்விட்டது. அடிப்பக்கப் படிவு உண்மைதான். ஒருக்களித்ததும் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்து தரைக்கு இணையாகப் படிந்தது. லீனியரில் முன்சுவர் ஒற்றைக் கோடு, சட்டென்று புரட்டியபோது பொட்டு எதுவும் மேலெழவில்லை. செப்டம் இரு முனையும் சுவரில் பற்றி நிற்கிறது, மூச்சில் ஆடவில்லை, வட்டமாக மூடவில்லை, 1.5 மிமீ. கிளம்பும் இடத்தில் வெளிவிளிம்பில் பள்ளம் இல்லை. வேக அளவை 5-க்கு இறக்கியதும் செப்டத்தின் நடுவில் ஒரு இடத்தில் கலர் வந்தது; ஸ்பெக்ட்ரலில் தமனித் துடிப்பு. முடிச்சு எதுவும் காணோம். இடது பக்கம் 3ஆம் செக்மென்ட் நாளம் 4 மிமீ, வலது பக்கம் விரியவில்லை. சிறுநீரகம், மண்ணீரல் சாதாரணம். திடீர் வலி வந்ததாக வரலாறு இல்லை. கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் இங்கே இல்லை.


பதில்: பித்தநாளம்

இது ரத்தம் கசிந்த சாதாரண சிஸ்ட் என்று விட்டுவிடக் கூடாத படம். ஓட்டம் உள்ள செப்டம் ஃபைப்ரின் இழையாக இருக்க முடியாது. பள்ளமில்லாத விளிம்பு, மேல்பக்க நாள விரிவு இரண்டும் அதே திசையைக் காட்டுகின்றன.

நான் சொன்ன 2022 வழிகாட்டியில் முக்கிய அடையாளம் இரண்டு: தடித்த செப்டம், முடிச்சு. துணை அடையாளங்கள்: மேல்பக்க நாள விரிவு, மெல்லிய செப்டம், உள்ளே ரத்தக்கசிவு, சுற்றுத் திசுவில் ரத்த ஓட்ட மாற்றம், கூட இருக்கும் கட்டிகள் 3-க்குக் குறைவு. முக்கியமானதில் ஒன்றும் துணையில் ஒன்றும் சேர்ந்தால் நியோபிளாசம் என்று சந்தேகிக்கச் சொல்கிறார்கள். உங்களிடம் துணை அடையாளங்கள் மூன்று இருக்கின்றன, முக்கியமானது ஒன்றும் இதுவரை இல்லை. அது உண்மையிலேயே இல்லையா, அல்ட்ராசவுண்டில் தெரியவில்லையா என்பதற்கு விடை கான்ட்ராஸ்டோடு எம்ஆர்ஐயும் எம்ஆர்சிபியும் (பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ). சிடி வேண்டாம்; மெல்லிய செப்டத்தை அல்ட்ராசவுண்டும் எம்ஆர்ஐயும் காட்டும் அளவுக்கு அது காட்டாது.

எம்ஆர்ஐ முடியும்வரை யாரும் உறிஞ்சிவிடாமலும், லேப்ராஸ்கோப்பில் மேல்சுவரை மட்டும் வெட்டித் திறந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள அறிக்கையில் தெளிவாக எழுதுங்கள். நியோபிளாசமாக இருந்தால் முழுவதுமாக எடுப்பதுதான் சிகிச்சை. பாதிச் சுவரை விட்டால் திரும்ப வரும், புற்றாக மாறும் வாய்ப்புள்ள திசுவும் உள்ளேயே தங்கிவிடும்.


பதில்: ஹார்மோனிக்

அறிக்கைக்கு என் பங்காகச் சில வரிகள். மூன்று அளவும் எழுதி, பெருக்கி, 0.523-ஆல் பெருக்கிக் கனஅளவையும் போடுங்கள். உங்களுடையது சுமார் 119 மிலி. அடுத்த முறை வேறொருவர் வேறு கோணத்தில் அளந்தால் ஒற்றை நீளம் சில மிமீ தள்ளிப்போவது சாதாரணம்; மூன்றும் இருந்தால் உண்மையில் வளர்ந்ததா என்று ஒப்பிடலாம். செப்டத்தின் எண்ணிக்கை, தடிமன், ஓட்டம் உண்டா இல்லையா, எந்த வேக அளவில் பார்த்தது என்பதையும் எழுதுங்கள். வேக அளவை எழுதாத "ஓட்டம் இல்லை"யை அடுத்து படிப்பவர் நம்ப முடியாது. நடு ஹெபாட்டிக் சிரையிலிருந்தும் இடது போர்ட்டல் கிளையிலிருந்தும் கட்டி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை அறுவை மருத்துவர் கேட்பார்.

வலது மடலில் இருக்கும் அந்த இரண்டு சின்னக் கட்டிகளுக்கும் தனி வரி கொடுத்து, "சாதாரண நீர்க்கட்டிகள், தொந்தரவு இல்லாதவரை தொடர் ஸ்கேன் தேவையில்லை" என்றே எழுதுங்கள். பெரிய கட்டியின் சந்தேகம் அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டால், அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காரணமில்லாமல் வந்து நிற்பார். எம்ஆர்ஐ கோரிக்கையில் வெறுமனே "சிஸ்ட், மதிப்பிடவும்" என்று போடாமல், "4ஆம் செக்மென்டில் 68 மிமீ, ஓட்டமுள்ள 1.5 மிமீ செப்டம், 3ஆம் செக்மென்ட் நாளம் 4 மிமீ, சுவர் முடிச்சு உண்டா, செப்டம் கான்ட்ராஸ்ட் ஏற்கிறதா, உள்ளடக்கம் ரத்தமா மியூசினா" என்று கேள்வியாகவே எழுதுங்கள். படம் எடுப்பவர் அந்தச் செப்டத்துக்கு ஏற்ற தளத்தில் மெல்லிய வெட்டு எடுப்பார்.